நரம்பின் நுனியில் நடப்பது

அன்புள்ள சுகன்யா,

உன் கடிதம் வந்தது. மஞ்சள் காட்டில் களப்பயிற்சி என்று எழுதியிருந்தாயே, படிக்கும்போதே கோபிப் பக்கம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகலாமா என்று இருந்தது. இங்கே மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் பழகிவிட்டது, அதில் எழுத ஒன்றும் இல்லை.

டிசெக்‌ஷன் ஹாலில் பயமாக இல்லையா என்று கேட்டிருந்தாய். பயத்தை விட, உடல் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின்தான் படுத்தியது, கண் எரிந்து தண்ணீர் கொட்டும். கத்தி எடுப்பதற்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று, இந்த உடலை மரியாதையோடு நடத்துவோம் என்று உறுதிமொழி எடுத்தோம். எங்கள் மேசையில் இருப்பவர் ஒரு பெரியவர். உடல்தானம் செய்தவர் என்பதைத் தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் அவருடைய வலது உள்ளங்கை காய்ப்புக் காய்த்து அவ்வளவு தடிப்பாக இருந்தது. மண்வெட்டி பிடித்த கையோ, தறி ஓட்டிய கையோ, நம்ம பக்கத்தில் அப்படி ஒரு கை இல்லாத வீடு ஏதுடி?

இப்போது கைதான் பாடம். அக்குளில் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டே போனால், கழுத்திலிருந்து இறங்கும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து கைக்குள் போகிற பின்னல் தெரியும். பிராக்கியல் பிளெக்ஸஸ். புத்தகத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம் என்று கலர் போட்டிருப்பார்கள், மேசையில் எல்லாமே ஒரே பழுப்புதான். விரலால் உருட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும். நரம்பு உள்ளே கெட்டியாக இருக்கும், தமனிக்குச் சுவர் தடிப்பு ஆனால் உள்ளே காலி, சிரை அமுங்கித் தட்டையாகக் கிடக்கும். முழங்கையை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீர் என்று இழுக்குமே, அது எலும்பு வலி இல்லை, அல்னார் நரம்பு. முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் விரலை வைத்து மெதுவாக உருட்டிப் பார், உனக்கே தட்டுப்படும்.

பயோகெமிஸ்ட்ரியைத்தான் எங்கள் பேட்ச்சில் எல்லோரும் திட்டுகிறார்கள். செல் சக்தி எடுக்கும் வழியான கிரெப்ஸ் சுழற்சியை ராத்திரி எழுதிப் பார்த்துவிட்டுப் படுத்தால் காலையில் பாதி இருக்காது. எனக்கு அது பிடித்துப்போனது என்சைம் வகுப்பில்.

எங்கள் அப்பிச்சி கத்திரிச் செடிக்கு மருந்தடித்துவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்த நாள் உனக்கு நினைவிருக்குமே, நீயும்தானே ஓடிவந்தாய். வாயில் எச்சில் ஒழுகி, சட்டை வேர்வையில் தொப்பலாகி, மூச்சு கர்கர் என்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்த உடனே ஊசியை எடுக்கச் சொன்னார். கண்ணைப் பார்த்தே எப்படித் தெரிந்தது என்று வரும் வழியெல்லாம் கேட்டாய். இப்போது சொல்கிறேன்.

நரம்பு தசைக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருள் மூலமாக. வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போட ஒரு என்சைம் இருக்கிறது, அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள், அதாவது குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் வகையறா, அந்த என்சைமில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கிக்கொண்டே போகும். அதனால்தான் எச்சில், வேர்வை, நெஞ்சுச் சளி எல்லாம் ஒரே நேரத்தில், கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவதும் அதனால்தான். டாக்டர் பார்த்தது அதைத்தான். இதற்குப் போடும் அட்ரோபின் ஊசி எச்சிலையும் சளியையும் கட்டுப்படுத்தும், ஆனால் முடங்கிய என்சைமை மீட்காது. அதற்கு பிராலிடாக்ஸைம் என்ற மருந்து தருவார்கள், அதுவும் நேரத்தோடு கொடுத்தால்தான், தாமதமானால் அந்தப் பிடியை விடுவிக்க முடியாது.

காலையில் இடுக்கியால் தூக்கிப் பார்த்த நரம்பின் நுனியில் நடப்பதுதான் மத்தியானம் போர்டில் எழுதும் சமன்பாடு என்று புரிந்த பிறகு, இரண்டையும் தனித்தனி பாடமாக என்னால் படிக்க முடியவில்லை. தேர்வுக்கு இது உதவுமா தெரியாது, எனக்கு வேண்டியிருக்கிறது.

அப்புறம், இதில் உன் விவசாயப் படிப்புக்குத்தான் வேலை அதிகம். எங்களிடம் வருவது பூச்சிமருந்து உடம்பில் ஏறின பிறகு. இந்த மருந்து தோல் வழியாகவும் ஏறும் என்பது நம்ம ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, வாயில் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள், நனைந்த சட்டையோடே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சட்டையைக் கழற்றிப்போட்டு சோப்புப் போட்டுக் குளிக்கணும் என்று உங்கப்பாவிடம் இன்றைக்கே சொல். டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணத்தை அவருக்குக் காட்டு. சிவப்புதான் ஆகக் கொடிய விஷம், பச்சை குறைவு.

மருந்தடித்து எத்தனை நாள் கழித்துக் கத்திரிக்காய் பறிக்கணும் என்று உங்கள் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்களே, ஒவ்வொரு மருந்துக்கும் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது. அப்பிச்சிக்குப் படித்துக் காட்டணும், இந்த வருஷமும் கத்திரிதான் போட்டிருக்கிறார்.

அன்புடன்,
மைதிலி