வாடகை வீட்டு மின் கட்டணம்: மானியம் வாசலோடு நின்றுவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் கட்டணம் திடீரென எகிறிவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஏ.சி.யைக் குறையுங்கள், பழைய மின்விசிறியை மாற்றுங்கள் என்ற அறிவுரைகளே முதலில் வந்து விழுகின்றன. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு அவை பொருந்தும். ஒரே மின் இணைப்பில் இரண்டு, மூன்று குடும்பங்களை வைத்து, ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு சப் மீட்டர் (பிரதான மீட்டருக்குப் பின் உரிமையாளரே வைக்கும் துணை மீட்டர்) மாட்டியிருக்கும் வாடகை வீடுகளில் கட்டணம் ஏறுவதற்குக் காரணம் வேறு. சென்னையிலும் அதன் புறநகர்களிலும் இத்தகைய வீடுகள் ஏராளம் என்பதால், இதைக் கணக்கோடு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின் கணக்கீடு நடக்கிறது. 2016இல் முதல் 100 யூனிட்டுகள் இலவசமாக்கப்பட்டன. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பின், அரசின் மானியம் போக நுகர்வோர் செலுத்தும் விகிதம் இது: மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட உயர்வை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் அதன் பிறகும் இவ்விகிதமே நீடித்தது; இக்கடிதத்தின் கணக்குகள் இவ்விகிதப்படி போட்டவை. பயன்பாடு 500ஐத் தாண்டிய உடனே இரண்டாவது நூறுக்கான அரைவிலைச் சலுகை பறிபோகிறது. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதையும் கடந்தால் 11.55 ரூபாய் என விலை ஏறிக்கொண்டே போகிறது. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர் 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் கட்ட வேண்டும். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்.

அதிகம் செலவழிக்கும் வசதி உள்ளவர் அதிகம் கொடுக்கட்டும் என்பதே இந்தப் படிநிலை முறையின் நோக்கம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு மீட்டருக்குப் பின்னால் ஒரு குடும்பம்தான் இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. தலா 250 யூனிட் செலவழிக்கும் மூன்று குடும்பங்களைக் கருதுவோம். விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சற்று நேரம் மிக்ஸியும் கிரைண்டரும் என்று வாழ்கிறவர்களின் கணக்கு இது, ஆடம்பரம் ஏதுமில்லை. தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொருவருக்கும் 470 ரூபாய்தான் வரும். மூவருக்கும் சேர்த்து 1,410 ரூபாய். அதே மூன்று குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் மீட்டர் 750 யூனிட் காட்டும்; கட்டணம் 4,297 ரூபாய் 50 காசு. ஆளுக்கு 1,432 ரூபாய் 50 காசு, அதாவது மூன்று மடங்கு. இதில் வீட்டு உரிமையாளர் ஒரு பைசாகூடக் கூடுதலாக வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நேர்மையாகப் பங்கிட்டாலே இந்த நிலை.

பங்கிடாமல், யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்து வசூலிப்பதுதான் பல இடங்களில் வழக்கம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றால், மேற்சொன்ன ஒவ்வொரு குடும்பமும் 2,500 ரூபாய் கொடுக்கும். உரிமையாளரிடம் 7,500 ரூபாய் சேரும். அவர் கட்டியது போக 3,202 ரூபாய் 50 காசு மிஞ்சும். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் அதில் ஒரு பகுதி போகும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பகுதி எவ்வளவு என்று கேட்கும் வாடகைதாரருக்கு மின் வாரிய அட்டை காட்டப்படுவதில்லை. கட்டணக் குறுஞ்செய்தி உரிமையாளரின் கைப்பேசிக்குத்தான் போகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு தரும் சலுகை, தரைத்தளத்தில் உள்ள பிரதான மீட்டர் வரை வந்து, அங்கேயே நின்றுவிடுகிறது.

தனி மீட்டர் இருப்பவர்களும் முற்றிலும் தப்பிவிடுவதில்லை. நான் முன்பு குடியிருந்த வீட்டில், மொட்டைமாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் எங்கள் போர்ஷனின் மீட்டரில் இணைக்கப்பட்டிருந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட்டுக்குக் குறையாது. 430 யூனிட்டோடு நிற்க வேண்டிய ஒரு குடும்பத்தின் பயன்பாடு அதனால் 520 ஆனால், 1,364 ரூபாய்க் கட்டணம் 2,208 ரூபாயாகும். வீட்டில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. சிமிட்டினால், மோட்டார் போன்ற வேறொரு லைன் அந்த மீட்டரிலிருந்து போகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. குடிபுகும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பவருக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி, வீட்டு உரிமையாளர் ஒப்புதல் தர மறுத்தாலும், சட்டப்படி குடியிருக்கும் ஒருவர் அதற்கான சான்றைக் காட்டி, ஈட்டுறுதிப் பத்திரம் (இழப்பு நேர்ந்தால் ஈடுசெய்வதாக உறுதி தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்து, இரு மடங்கு வைப்புத்தொகை செலுத்தித் தம் பெயரிலேயே மின் இணைப்பு கேட்கலாம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருந்துகொண்டு, உரிமையாளரின் விருப்பத்துக்கு எதிராக அவர் வீட்டுச் சுவரில் மீட்டர் பொருத்த எந்த வாடகைதாரர் துணிவார்? 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் மின்சாரத்தைத் துண்டித்து மிரட்டுவதைத் தடை செய்கிறது. அத்தகைய நிலையில் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். துண்டிக்காமல், விலையை மட்டும் இரட்டிப்பாக்கி வசூலிக்கும்போது அச்சட்டப் பிரிவு நமக்கு உதவுவதில்லை.

உரிமம் இல்லாமல் யாரும் மின்சாரத்தை விநியோகிக்கவோ வணிகம் செய்யவோ கூடாது என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. கட்டிய தொகைக்கு மேல் சப் மீட்டர் வழியாக வசூலிப்பது இப்பிரிவின்கீழ் வருமா, வராதா என்பதைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்க வேண்டும். வராது என்றால், எவ்வளவு வரை வசூலிக்கலாம் என்ற வரம்பையாவது சொல்ல வேண்டும்.

ஆயினும் உரிமையாளர்களைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது; நேர்மையாகப் பங்கிட்டாலும் மூன்று மடங்கு வருகிறது என்பதை மேலே கண்டோம். தனி இணைப்பு தர இயலாத பழைய கட்டடங்களில், ஓர் இணைப்பில் எத்தனை குடும்பங்கள் வசிக்கின்றனவோ அத்தனை மடங்காகப் படிநிலை வரம்புகளை விரிக்கலாம். மூன்று குடும்பங்கள் என்றால் 300 யூனிட் இலவசம், 1,500 யூனிட் வரை சலுகை விகிதம் என்று கணக்கிடலாம். புதிய பிரிவுகளை உருவாக்குவது அரசுக்குப் புதிதல்ல. பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிகளுக்கு மிகாத, மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்தை 2023 அக்டோபரில் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்து அறிவித்தது அரசுதான். கோரிக்கை வலுத்தபோது நடந்த மாற்றம் அது. சப் மீட்டர் வாடகைதாரர்களுக்குச் சங்கம் இல்லை, ஓரிடத்தில் நிலைத்தும் இருப்பதில்லை. அவர்கள் குரல் கேட்காததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இல்லாத குடும்பங்களைக் கணக்கில் காட்டிச் சலுகை பெறுவார்கள் என்ற ஆட்சேபம் எழலாம், நியாயமான ஆட்சேபம்தான். வாடகைச் சட்டப்படி ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், அவற்றைப் பதிவு செய்யவும் வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் காட்டினால் மட்டுமே கூடுதல் குடும்பம் கணக்கில் சேரும் என்று வைத்தால் முறைகேட்டுக்கு இடம் குறையும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யத் தயங்கும் உரிமையாளர்களும் அதன் பயனைக் கண்டு முன்வருவார்கள். 2021 தேர்தலின்போது வாக்குறுதியாகத் தரப்பட்ட மாதாந்திரக் கணக்கீடு எப்போது வந்தாலும் வரட்டும். அது இந்தச் சிக்கலைத் தீர்க்காது, மூன்று குடும்பங்களின் பயன்பாடு மாதந்தோறும் கூட்டப்படும், அவ்வளவே.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும் என்றால், செலவே இல்லாத ஒன்றை உடனே செய்யலாம். வாடகை ஒப்பந்தப் பதிவின்போது, வீட்டுக்குத் தனி மீட்டரா சப் மீட்டரா, பிரதான மின் இணைப்பு எண் என்ன, குடிபுகும் நாளில் மீட்டரில் காட்டிய அளவு எவ்வளவு, மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது ஆகிய நான்கையும் எழுதுவதைக் கட்டாயமாக்கி, ஒவ்வொரு முறை பணம் வாங்கும்போதும் உண்மையான மின் கட்டண ரசீதின் நகலை உரிமையாளர் தர வேண்டும் என்று வீட்டுவசதித் துறை உத்தரவிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு வாசகர்,
சென்னை