நீ பார்க்கச் சொன்ன படம்

பாப்பா,

போனில் கூப்பிட்டால் "ம்", "சரிம்மா" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி சாப்பிட்டாயா? உன் ஃப்ரிட்ஜில் தயிரும் ஒரு மாவு பாக்கெட்டும் தவிர ஒன்றும் இல்லை என்று தம்பி வந்து சொன்னான். நேரத்துக்குச் சாப்பிடு.

இத்தனை மாதமாக எதுவும் கேட்காதவள் 'பக்லைட்' இந்திப் படத்தை மட்டும் பாரும்மா என்றாயே, ஞாயிற்றுக்கிழமை நெட்ஃபிளிக்ஸில் போட்டோம். பெரியம்மாவும் வந்திருந்தாள். லக்னோவில் ஒரு வீடு, கல்யாணமாகி 5 மாதத்தில் புருஷன் போய்விட்டான், கூடம் கொள்ளாமல் சொந்தக்காரர்கள், அந்தப் பெண்ணோ அழாமல் உட்கார்ந்துகொண்டு டீ வேண்டாம், பெப்சி வேண்டும் என்கிறாள். பெரியம்மாவுக்கு அங்கேயே பிடிக்காமல் போய்விட்டது. 13 நாள் காரியம் முடிவதற்குள் தோழியோடு வெளியே போய் பானிபூரி தின்கிறாளே, அதைப் பார்த்ததும் "இப்படியும் ஒருத்தி இருப்பாளா" என்று எழுந்தே போய்விட்டாள். தம்பி சிரித்துச் சிரித்துப் பார்த்தான். 50 லட்சம் இன்சூரன்ஸ் அவள் பேரில் இருக்கிறது என்று தெரிந்ததும் வந்தவர்கள் முகம் மாறுகிறதே, அது அப்படியே நிஜம் என்றான். அப்பா மாமனாராக வரும் ஆஷுதோஷ் ராணாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, வந்தவர்களையும் கவனித்துக்கொண்டு அந்த மனுஷன் வாயடைத்து நிற்பது அவரை என்னவோ செய்திருக்க வேண்டும், அன்றைக்கு அவர் ராத்திரி சாப்பிடவில்லை.

எனக்கு அந்த ஃபோட்டோ சமாசாரம் மட்டும் ஒட்டவில்லை. புருஷனுக்கு முன்பே ஒருத்தியைப் பிடித்திருந்ததாம், அலமாரியில் ஃபோட்டோ கிடைக்கிறதாம். அழுகை வராததற்கு ஒரு காரணம் காட்டித்தான் ஆக வேண்டுமா? சும்மா வராமல் இருக்கக்கூடாதா? அந்தப் பெண்ணாக வரும் சன்யா மல்ஹோத்ரா அந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே போதும். சின்ன வயதில் பூனை செத்ததற்கு அப்படி அழுதவளாம் அந்தப் பெண், இப்போது ஒரு சொட்டு வரவில்லையாம். அதைக் கேட்டதும் நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

தலைதிவசத்துக்கு நீ வராதது எனக்குக் குறைதான், அதை மறைக்க மாட்டேன். மாப்பிள்ளையின் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் வீட்டு லோனை நீ ஒருத்தியாகக் கட்டிக்கொண்டு வேலையையும் விடாமல் இருக்கிறாய் என்று நான் பேசாத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. அதற்காக வெறும் தயிர்சாதத்தில் ஓட்டாதே. ஒரு காயாவது வை.

மாப்பிள்ளை போன அன்றைக்கு நீ செய்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நீ கொடியிலிருந்து அவர் சட்டையை எடுத்து வந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பச்சைச் சட்டை. காலரைத் திருப்பி, பட்டன் மேல் படாமல் பெட்டியை ஓரமாக நகர்த்தி, அவ்வளவு நிதானமாக. உன் பின்னால் யாரோ என்னவோ முணுமுணுத்தார்கள். நான் வந்து பெட்டியைப் பிடுங்கிவிட்டு, "எல்லாரும் பார்க்கிறாங்க, அழுடி" என்று சொல்லி உன் கையில் கிள்ளினேன். முழங்கைக்கு மேலே, உள்பக்கம். நகம் பதிந்தது எனக்குத் தெரிந்தது. நீ என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாய், அப்புறம் கூடம் அதிர அழுதாய். கிள்ளியவளும் நான், கட்டிக்கொண்டு அழுதவளும் நான். "பாவம், எப்படித் துடிக்கிறாள்" என்று அவர்கள் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது பாப்பா. என் மகள் அழுகிறாளே என்று தோன்றவில்லை, பேர் கெடாமல் போயிற்றே என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகுதான் நீ என்னிடம் பேச்சைக் குறைத்தாய். எனக்கு இது தெரியாமல் இல்லை, மாப்பிள்ளை போன துக்கம் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

நீ சொன்னதால்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். அவளுடைய அம்மாவாக வருகிறவரைப் பார்க்கச் சொன்னாயா, அவளைப் பார்க்கச் சொன்னாயா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் பார்த்தேன்.

அந்தச் சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. பாதி இஸ்திரி போட்டபடியே மடித்து பீரோவில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன், ஒரு கை மட்டும் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. கூரியரில் அனுப்பட்டுமா, நீ வந்து எடுத்துக்கொள்கிறாயா? அதை மட்டும் சொல். சாப்பிட்டுவிட்டுச் சொல்.

அம்மா