பாதி சீசனுக்குள்ள பாதி உசுரு போச்சி

புதுச்சேரி
22-1-2025

டேய் அந்துவான்,

இன்னாடா, எப்டி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, அங்க குளிர் ஜாஸ்தியா. சரி, விசாரிப்பு போதும். நேத்து நம்ம கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பாஸ்கெட்பால் மேட்ச் பாத்தியா இல்லயா, அத மொதல்ல சொல்லு.

உனக்கென்னப்பா, ராத்திரி பதினோரு மணி, சாப்ட்டுட்டு சோபால சாஞ்சிகினு பாத்திருப்ப. எனக்கு விடிகால மூன்ற மணி. போர்வைக்குள்ள போன வச்சிகினு, சவுண்ட சுத்தமா கொறச்சி, பக்கத்துல அவ எழுந்துடுவாளோன்னு பயந்து பயந்து பாத்தேன். எதுக்கு? 125-85 பாக்கறதுக்கு. நாப்பது பாயின்ட்றா! அதுவும் நம்ம சொந்த கோர்ட்ல, பாஸ்டன் கிட்ட. 2022 என்பிஏ ஃபைனல்ஸ்ல அவனுங்க ஊருக்கே போய் நம்ம கர்ரி 43 போட்டு மொத்த ஸ்டேடியத்தையும் வாயடைக்க வச்சானே, அதே பாஸ்டன். மூணாவது குவார்ட்டர்லயே போன தூக்கி கடாசிட்டு படுத்திருக்கலாம், மனசு கேக்கல. இப்ப 21 ஜெயிப்பு, 21 தோல்வி. சீசன் சரிபாதி, நம்ம கணக்கும் சரிபாதி.

இத கொட்டறதுக்கு இங்க ஒரு ஆளு இல்லடா. சைமன் கிட்ட ஆரம்பிச்சா அவன் ஐபிஎல் ஏலத்துக்கு போயிடறான். உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா கேக்கறதே இல்ல, ரெண்டு நாள் கழிச்சி ஒரு கட்டவிரல் பொம்ம போடற. அதான் ஒக்காந்து முழுசா டைப் பண்றேன். கடைல ஆள் வந்தா பாதில நிறுத்துவேன், முன்ன பின்ன இருக்கும், பொறுமையா படி.

ஊர் நியூஸ் சீக்கிரம் முடிச்சிடறேன். ஃபெஞ்சல் புயல் பத்தி உங்க அக்கா சொல்லியிருக்கும். நவம்பர் 30 ராத்திரி கரைய கடந்துது, கடந்தா போய் தொலையணும் இல்ல, நம்ம ஊரு மேலயே சம்மணம் போட்டு ஒக்காந்துகிச்சி. ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழ. நம்ம ரெயின்போ நகர் என்னா ஆயிருக்கும்னு நீயே யோசிச்சிக்க. வீட்ல முட்டிக்கு மேல தண்ணி, டிவி போச்சி, பிரிட்ஜ் போச்சி, கடைல கீழ் அடுக்கு பேப்பர் பண்டல் மொத்தமும் ஊறி உப்பிப் போச்சி, ஜெராக்ஸ் மிஷின் மட்டும் டேபிள் மேல ஏத்தி வச்சதால பொழச்சிது. நீ "பத்திரமா இரு"ன்னு ஒரு வரி அனுப்பின பாரு, அதுல தண்ணி எல்லாம் வடிஞ்சிடுச்சி, ரொம்ப தேங்க்ஸ்.

அந்த வாரம் நம்ம டீமும் முழுகிடுச்சி. யோசிச்சி பாரு, 12-3ன்னு ஆரம்பிச்சோம்டா! வெஸ்ட் பிரிவுல நாமதான் ராஜான்னு நான் கடைல வர்ற பாலிடெக்னிக் பசங்க கிட்ட எல்லாம் பீத்திகினு திரிஞ்சேன். அப்புறம் நவம்பர் 23, உன் ஸ்பர்ஸ் டீம்காரனுங்க கிட்ட 104-94. அதுல ஆரம்பிச்சி வரிசையா அஞ்சு தோல்வி. கரண்ட் இல்லாம, போன்ல அஞ்சு பர்சென்ட் சார்ஜ வச்சிகினு நான் பாத்தது வானிலை அறிக்க இல்ல, பீனிக்ஸ் கிட்ட எப்டி தோத்தோம்னு. வீட்ல தெரிஞ்சா டைவர்ஸ்தான்.

ஆனா எனக்கு இப்ப திரும்பி பாத்தா, நாம சாஞ்சது புயல் நேரத்துல இல்ல. நம்மள விட்டு போன க்ளே எதிர் டீம்ல திரும்பி வந்த அன்னிக்கே சாஞ்சிட்டோம். அந்த மேட்ச் நீயும் பாத்த, நவம்பர் 12, டல்லஸ் ஜெர்சில க்ளே, வந்த ஜனத்துக்கு எல்லாம் கப்பல் கேப்டன் தொப்பி குடுத்து ஒக்கார வச்சிருந்தாங்க. பதிமூணு சீசன் ஒண்ணா ஆடினவன் எதிர்ல நிக்கறான், கர்ரி கடைசில தனியா நின்னு ஆடி 37 போட்டு 120-117ன்னு ஜெயிச்சி குடுத்தான். நான் அழுதேன், நீ அழலன்னு பொய் சொன்ன. அதே மேட்ச்லதான் மெல்டன் முட்டி போச்சி, சீசனே காலி, யாரும் அன்னிக்கு அத கவனிக்கல. எல்லாரும் தொப்பிய பாத்துகினு இருந்தோம். கர்ரி பக்கத்துல நின்னு எதிராளியோட பெஸ்ட் ஆட்டக்காரன மடக்கறதுக்கும், தூரத்துலேந்து த்ரீ (மூணு பாயின்ட்) போடறதுக்கும் இந்த சீசனுக்குன்னு எடுத்த ஆளே அவன்தான். அவன் போன எடத்த அடைக்க கோச் கெர் தெனம் ஒரு ஸ்டார்ட்டிங் ஃபைவ் போட்டு பாக்கறாரு, இன்னும் அடையல.

பெஞ்ச் பலம் பெஞ்ச் பலம்னு மொதல் மாசம் கூவினோமே, அது ஏன் அப்ப செல்லுபடியாச்சி தெரியுமா? அக்டோபர்ல மத்த டீம் எல்லாம் இன்னும் உடம்பு சூடாகாம ஆடறான், நாம பன்னெண்டு பேர மாத்தி மாத்தி எறக்கி ஓட விட்டோம், மூச்சு வாங்க வச்சோம். பட்டி ஹீல்டு கண்ண மூடிகினு போட்டாலும் உள்ள போச்சி. டிசம்பர் வந்ததும் அவனவன் மூச்சு புடிச்சிட்டான், ஹீல்டு கை ஆறிப்போச்சி. அப்ப பாத்தா மிச்சம் யாரு? கர்ரி. மறுபடியும் கர்ரி. இப்ப எல்லா டீமும் ஒண்ணே ஒண்ணுதான் பண்றான்: அவன் பாதி கோர்ட் தாண்டறப்பவே ரெண்டு பேர் போய் ஒட்டிக்கறான். கர்ரி பந்த நம்ம ட்ரேமண்டுக்கு தள்ளறான், இந்த பக்கம் நாலு பேர், அந்த பக்கம் மூணு பேர். பத்து வருஷமா நம்ம கோட்டைய கட்டினதே இந்த நாலுக்கு மூணுதான். அன்னிக்கு கார்னர்ல க்ளே நின்னான். இன்னிக்கு யாரு நின்னாலும் எதிராளி திரும்பி கூட பாக்கறதில்ல, போட்றா பாக்கலாம்ன்றான், இவன் போடறான், ரிங்ல பட்டு வெளிய வருது.

கர்ரி ரெஸ்ட் எடுக்க பெஞ்சுக்கு போனா கதையே வேற. சமையல்காரர் வராத கல்யாண வீடு மாதிரி, ஆளு நிறைய, எல போட்டாச்சி, பரிமாறத்தான் ஒண்ணும் இல்ல. ஷாட் போட குடுத்த டைம் ஓடிகினே இருக்கும், ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பான். இதுல ஃபவுலுக்கு கெடைக்கற ஃப்ரீ த்ரோ லைன் பக்கம் போறதே அபூர்வம், போனா அதையும் விடறானுங்க. ஸ்கூல்ல ஃப்ரீ த்ரோ விட்டா மாஸ்டர் கிரவுண்ட சுத்த விடுவாரே, இவனுங்கள விட்டா சான் பிரான்சிஸ்கோவயே சுத்தணும்.

ஹூஸ்டன் மேட்ச நான் இன்னும் மன்னிக்கல. சீசன் நடுவுல வர்ற என்பிஏ கப் குவார்ட்டர் ஃபைனல், ஒரு பாயின்ட் லீட், பந்தும் நம்ம கைல. சும்மா புடிச்சிகினு நின்னாலே அவன் ஃபவுல் பண்ண வருவான். அவசரமா போட்டு, ரீபவுண்ட எடுத்து, திரும்ப தொலச்சி, ரெண்டு பேர் கீழ புரண்டு, விசில். குமிங்கா மேல ஃபவுல். ஜேலன் கிரீன் ரெண்டையும் போட்டான், 91-90. கெர் பிரஸ் மீட்ல அம்பயர கிழிச்சாரு, எனக்கு அம்பயர் மேல கோவம் வரல. கீழ விழற வரைக்கும் அந்த பந்த ஏன் விட்டீங்க? அதான் என் கேள்வி.

அப்புறம் மெம்பிஸ். 144-93. கர்ரி ஃப்ரீ த்ரோ தவிர ஒரு கோல் கூட போடல, ட்ரேமண்டும் இல்ல. பாவம் ஷ்ரூடர், புது டீமுக்கு வந்து மொத மேட்ச், 51 பாயின்ட்ல தோத்து ஷூ கழட்டினான். அதுக்கு நாலு நாள் முன்ன டல்லஸ் கூட ரெண்டு டீமும் சேந்து 48 த்ரீ போட்டு என்பிஏ ரெக்கார்டு பண்ணோம், அதுலயும் தோத்தோம், அதுல க்ளே வேற 29. ரெக்கார்டும் எங்களுது, தோல்வியும் எங்களுது.

லேக்கர்ஸ் கூட கிறிஸ்மஸ் மேட்ச் நான் முழுசா பாக்கல. நம்ம டைம்ல அது 26 காலைலதான, சுனாமி வந்து இருவது வருஷம் அன்னிக்கு. வைத்திக்குப்பம் கடலுக்கு போயிருந்தேன், செல்வா அம்மா கூட. அவங்க இப்ப ரொம்ப தளந்துட்டாங்கடா, மணல்ல நடக்க முடியல, கைய புடிச்சி கூட்டிகினு போனேன். பால ஊத்திட்டு, "அந்துவான் வரலியா"ன்னு கேட்டாங்க, நீ பிரான்ஸ்ல இருக்கறது அவங்களுக்கு நல்லா தெரியும், இருந்தாலும் கேட்டாங்க. உன் பங்குக்கும் நானே ஊத்திட்டேன். ஒரு போன் பண்ணு அவங்களுக்கு. ஞாயித்துக்கிழமைல பண்ணு, மத்த நாள்ல பேத்திய டியூஷனுக்கு விட போயிடுவாங்க.

திரும்பி வர்றப்ப ஸ்கூட்டி மேல ஒக்காந்து போன எடுத்து பாத்தேன், கடைசி நிமிஷம். கர்ரி அடுத்தடுத்து ரெண்டு த்ரீ, 113-113. நான் ரோட்லயே கத்திட்டேன், மீன்காரம்மா ஒண்ணு திட்டிச்சி. ஒரு செகண்ட் மிச்சம் இருக்கறப்ப ரீவ்ஸ் உள்ள பூந்து வச்சிட்டு போயிட்டான். 38 பாயின்ட் போட்டவன் இடுப்புல கைய வச்சிகினு மேல பாத்துகினு நின்னான். வர்ற மார்ச் வந்தா அவனுக்கு 37 வயசுடா. அதான் என் பிரச்சனையே.

இப்ப நான் எதுக்கு இந்த லெட்டர ஆரம்பிச்சேனோ அதுக்கு வரேன். ட்ரேட் டெட்லைன், அதாவது டீமுங்க ஆள மாத்திக்கற கடைசி நாள், பிப்ரவரி 6. கர்ரியும் ட்ரேமண்டும் என்னா சொல்றாங்க, பதறிப்போய் ட்ரேட் பண்ணி டீமோட எதிர்காலத்த அடகு வைக்க வேணாம்ன்றாங்க. கெரும் அதையே சொல்றாரு. எல்லாரும் என்னா பெருந்தன்மைன்னு பாராட்டறான். எனக்கு பத்திகினு வருது. யாரோட எதிர்காலம்? கர்ரி போனதுக்கு அப்புறம் அந்த டீமுக்கு எதிர்காலம் இருந்தா என்னா, இல்லன்னா என்னா? இந்த வியாதி இன்னிக்கு வந்ததில்ல. 2020ல புது பசங்கள எடுக்கற டிராஃப்ட்ல ரெண்டாவது பிக்ல வைஸ்மேன எடுத்தாங்க, அடுத்த வருஷம் குமிங்கா, மூடி, இந்த பக்கம் பெருசுங்க கப் ஜெயிக்கும், அந்த பக்கம் சின்ன பசங்க வளருவான்னு ரெட்ட மாட்டு வண்டி ஓட்டினாங்க. 2022ல கப் வந்துடுச்சி, அதனால யாரும் கேள்வி கேக்கல. வைஸ்மேன் போயிட்டான், பூல் போயிட்டான், போன வருஷம் க்ளேவும் போயிட்டான். பால் ஜார்ஜ் வருவான்னாங்க, மார்க்கனென் வருவான்னாங்க, வெல பேசி பேசி ரெண்டும் வரல.

குமிங்கா மேல எனக்கு கோவம் இல்ல. நல்ல உடம்பு, நல்ல பையன், கணுக்கால் சரியாகி வந்தா திரும்ப இருவது போடுவான். ஆனா அவன பாக்கறப்ப எல்லாம் நம்ம மாஸ்டர் குரல்தான் கேக்குது, "பந்த வாங்கிட்டு யோசிக்காதடா, யோசிச்சிட்டு பந்த வாங்கு." அவன் பந்த வாங்கி, ஒரு தட்டு, ரெண்டு தட்டு, மூணாவது தட்டுக்குள்ள எதிராளி நாலு பேரும் வந்து நின்னுடறான். கர்ரி மூல மூலையா ஓடி மூச்சு வாங்கினது வேஸ்ட். நாலாவது வருஷம் ஆடறவனுக்கு இது இன்னும் வரலன்னா எப்ப வரும்?

என்ன கேட்டா மியாமி டீமோட ஜிம்மி பட்லர எடுக்கணும். சிரிக்காத. அவன் மியாமில சண்ட போட்டு ஏழு மேட்ச் சஸ்பென்ட் வாங்கினவன், 35 வயசு, ட்ரேமண்டும் அவனும் ஒரே ரூம்ல இருந்தா ரூம் தாங்குமான்னு நீ கேப்ப. தாங்கலன்னா போகட்டும்டா. ஆனா அவன் ஒருத்தன்தான் இடிச்சி உள்ள போய் ஃப்ரீ த்ரோ வாங்கறவன், பந்த கோட்ட விடாதவன், கர்ரி ஒக்காந்தா ஒரு ஏழெட்டு நிமிஷம் வண்டிய ஓட்டறவன். பதிலுக்கு நம்ம விக்கின்ஸ குடுக்கணும்னா குடு. 2022ல அவன் பண்ணத நான் மறக்கல, பாஸ்டன் டேட்டம அவன்தான் மடக்கினான், மனசு வலிக்குது, இருந்தாலும் குடு. ஒன்றரை வருஷமோ ரெண்டு வருஷமோ, கர்ரி கால்ல இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்கோ அத ஒழுங்கா செலவு பண்ணுங்கன்றேன். சும்மா 41-41ன்னு முடிச்சி ப்ளேஆஃபுக்கு முன்ன வர்ற ப்ளே-இன்ல வெளிய போறதுக்கு எதுக்குடா அவன் இப்டி ஓடணும்? ட்ரேமண்ட் வேற இப்ப கெண்டக்கால புடிச்சிகினு ஒக்காந்திருக்கறான்.

நீ "ஆகஸ்ட்ட மறந்துட்டியா"ன்னு கேப்ப. மறக்கவே மாட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு உங்க வீட்டு ஹால்ல ஒலிம்பிக் ஃபைனல், பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த உங்க சொல்தா மாமா பிரான்ஸ் கொடிய சேர்ல கட்டிட்டு ஒக்காந்திருந்தாரு, பிரான்ஸ்காரன் வெம்பன்யாமா ஒவ்வொரு தடவ போடறப்பவும் என் தொடைல ஒரு அடி. கடைசில அமெரிக்காவுக்கு ஆடின நம்மாளு கர்ரி வரிசையா போட்டான் பாரு, ரெண்டு பேர் கைய நீட்டி மறச்சும் மேல தூக்கி ஒண்ணு விட்டானே, மாமா எழுந்து ஒண்ணும் சொல்லாம டிவிய அணச்சிட்டு போய் படுத்துட்டாரே! மெடல் குடுக்கறத உன் போன்லதான் பாத்தோம். அதான்டா, அந்த ஆளுக்கு இன்னும் கைல மருந்து இருக்கு. பக்கத்துல ஆளு இருந்தா என்னா பண்ணுவான்னு பாரிஸ்லயே காட்டிட்டான். அதனாலதான் எனக்கு இவ்ளோ எரிச்சல். நெசமாவே கெழவனாயிருந்தா நான் பேசாம தேத்திகினு போயிருப்பேன்.

வீட்லயும் ஒரு துரோகி உருவாயிட்டான். சின்னவன் ஸ்பர்ஸ் வெம்பன்யாமா கட்சி. "உங்க டீம் தாத்தா டீம்ப்பா"ன்றான், சாப்பாடு போட்ற தட்ட பிடுங்கலாமான்னு இருக்கு. நாளைக்கு நீ பாரிஸ் பெர்சில ஸ்பர்ஸ் - பேசர்ஸ் மேட்சுக்கு போறன்னு உங்க அக்கா வாய தொறந்துடுச்சி, அதுலேந்து அவன் ஆடறான். அவனுக்கு ஒரு தொப்பி வாங்கி வை, ஏப்ரல்ல வர்றப்ப எடுத்துட்டு வா. வெல ரொம்ப ஜாஸ்தின்னா விட்டுடு, பாரிஸ்ல நம்மாளுங்க கடை இருக்கற லா ஷாப்பெல்ல ஏதாவது டூப்ளிகேட் கெடைக்கும், இவனுக்கு என்னா தெரியப்போவுது. வெம்பன்யாமாவ நேர்ல பாத்தா எப்டி இருக்கறான்னு எழுது, டிவில பாக்கறப்பவே எனக்கு கழுத்து வலிக்குது. சனிக்கிழம மேட்சுக்கும் டிக்கெட் வச்சிருக்கியா? இருந்தா சொல்லாத, வயிறு எரியும்.

நாளைக்கு காலைல எட்டரைக்கு சாக்ரமென்டோ கூட நமக்கு மேட்ச். கடைய ஒம்போதரைக்கு தொறந்தா போதும்னு இப்பவே சொல்லி வச்சிட்டேன். போன தடவ அவனுங்க கிட்ட 129-99. ஜெயிச்சா நானே கூப்பிடறேன். தோத்தா நீ கூப்பிடாத, செல்வா அம்மாவ கூப்பிடு.

இப்படிக்கு
குமரு

பி.கு: சைமனுக்கு மறுபடியும் பொண்ணு பாக்கறாங்க. இந்த தடவ காரைக்கால். சிரிக்காத.