பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பழகுநர் பயிற்சி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த நாளிலிருந்து மதிப்பெண் பட்டியலுடன் என்னைச் சந்திக்க வரும் பெற்றோரில் பலர், ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையப் படிப்பையும், நிறுவனத்தில் உதவித்தொகையுடன் தொழில் பழகும் அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) பயிற்சியையும் வேறெங்கும் இடம் கிடைக்காத பிள்ளைக்கானவை என்றே எண்ணிப் பேசுகிறார்கள். கையால் செய்து பார்த்துக் கற்பதில் நாட்டமுள்ள பிள்ளைக்கு அவை முதல் தெரிவாகவே இருக்கத் தகுந்தவை என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நம் திருச்சி வட்டாரத்தையே பாருங்கள். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம் மாறிய ரயில்வே பணிமனையும், திருவெறும்பூரில் 1960-களில் எழுந்த பெல் (பி.எச்.இ.எல்.) என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும், அதையொட்டித் துவாக்குடி வட்டாரத்தில் பெருகிய ஃபேப்ரிகேஷன் (உலோகத்தை வெட்டி இணைத்து உருவாக்கும்) பட்டறைகளும் நம் கண்முன்னே இருக்கின்றன. அங்கே பிட்டராகவும் (பொருத்துநர்) டர்னராகவும் (கடைசல்காரர்) வெல்டராகவும் (பற்றவைப்பவர்) உயர்ந்தவர்களில் பலர் பழகுநராகத் தொழிலைத் தொடங்கியவர்களே.

துவாக்குடிப் பட்டறை ஒன்றில் நம் முன்னாள் மாணவர் ஒருவர் கொதிகலன் குழாய் இரண்டை இணைப்பதை அருகில் நின்று பார்த்தேன். இணைப்பின் அடியில் பற்றவைப்பின் முதல் அடுக்கை வைத்து, படிந்த கசடைத் தட்டி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, சுற்றுச் சுற்றாக நிரப்பி மேலடுக்கை முடித்தார். வெளியே எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும், எக்ஸ்ரே படத்தில் அனுமதித்த அளவைத் தாண்டிய காற்றுப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தைக் குடைந்தெடுத்து மீண்டும் பற்றவைக்க வேண்டியிருக்கும் என்றார். அந்தக் கைத்திறனும் கவனமும் மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தத் திருத்தத்தான் வரும். வகுப்பறையில் நாங்கள் எவ்வளவு முயன்றாலும் அதைக் கொடுக்க இயலாது.

ஆனால், தெரிந்தவர் பட்டறையில் பிள்ளையை ஹெல்பராக விட்டுவிடுவது தொழிற்பழகுநர் பயிற்சி ஆகாது. இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, நிறுவனம் பழகுநருடன் எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்து அதை முறைப்படி பதிவு செய்ய வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறையவில்லை என்றால் அதில் கையெழுத்திட வேண்டியவர் பெற்றோராகிய நீங்களே. எனவே எந்தத் தொழிற்பிரிவு, எவ்வளவு காலம், உதவித்தொகை எவ்வளவு, இடையில் விலகினால் என்ன நிபந்தனை என்பதையெல்லாம் வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 7,000 ரூபாய் என 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் வரையறுத்தன. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு. பதிவு செய்யப்படாத இடத்தில் ஐந்தாண்டு உழைத்தாலும், முடிவில் தேர்வெழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெற வழியில்லை. அப்ரண்டிஸ் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் எவரையும் நம்ப வேண்டாம்.

பயிற்சி முடிந்தவுடன் அதே நிறுவனம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ரயில்வேயில் தொடக்க நிலையான லெவல்-1 பணியிடங்களில் 20 விழுக்காடு, ரயில்வேயிலேயே பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. படிப்பு இத்துடன் நின்றுவிடும் என்ற அச்சமும் தேவையில்லை. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் அதேபோல் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ், இயந்திர வரைவு போன்ற பிரிவுகளில் சேர ஆசைப்படும் மாணவிகளை “பட்டறை வேலை நமக்கு எதற்கு” என்ற ஒரே சொல்லில் தடுத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ.யில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இவ்வளவு இருந்தும் விருப்பமுள்ள ஒரு பெண் வீட்டிலேயே முடங்குவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக் கூட்ட அரங்கில் இது பற்றிய ஆலோசனைக் கூட்டம் நடைபெறும். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். விருப்பத்தை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவந்தால், அரசு ஐ.டி.ஐ. சேர்க்கைக்கான இணைய விண்ணப்பத்தை எங்கள் ஆசிரியர்கள் அன்றே நிரப்பித் தருவார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.