முன்வாசல் திறந்துதான் இருக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் படகு என்ஜின் பழுதுபார்க்கும் கடை மூடப்போவதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முழுக்க போனை எடுத்தாலே ஒரே கேள்விதான்: "என் என்ஜினை வந்து எடுத்துக்கொள்ளட்டுமா?" எடுக்க வேண்டாம். எல்லாம் ஸ்டாண்டில் பத்திரமாக இருக்கின்றன. வேலை நடக்கிறது. சொன்ன தேதியில் கிடைக்கும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் கடைக்கும் படகு இறக்கும் சாய்தளத்துக்கும் நடுவே சும்மா கிடந்த பழைய கிடங்கு மனையில் பல மாடி ஹோட்டல் கட்ட விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். பலகை வைத்த நாளிலிருந்து கரையில் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். அந்தப் பேச்சில் என் பெயரும் அடிபடுகிறது. "என்ஜின் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், அதனால்தான் வேலை வேகமாக நகர்கிறது" என்று ஒரு செய்தி போன் போனாகச் சுற்றுகிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்பதை நடந்தபடியே சொல்கிறேன். அக்கம்பக்கத்தவர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் என்று நோட்டீஸ் வந்தது. போனேன். வாசலில் ஒரு மேசை, அதில் ஒரு நோட்டு. பெயர், முகவரி, கையெழுத்து என்று மூன்று பத்தி. ஆதரவு, எதிர்ப்பு என்று எழுத அதில் இடமே கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். எனக்கு முன்னால் நின்ற வலைக்கடைக்காரரும் போட்டார், பின்னால் வந்த பள்ளி ஆசிரியையும் போட்டார். உள்ளே போய் நான் எழுந்து கேட்டது ஒரே கேள்வி: "ட்ரெய்லரோடு வருகிற வண்டி எங்கே திரும்பும்?" அதற்குப் பதில் வரவில்லை. "குறித்துக்கொள்கிறோம்" என்றார்கள். பிறகு வெளிவந்த அறிக்கையில் "அண்டை வணிகர்களுடன் கலந்து பேசப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. என் கையெழுத்தின் முழுக் கதையும் இவ்வளவுதான். இருபது வருடங்களுக்கு மேல் உங்கள் என்ஜினைப் பிரித்துக் காட்டி, எந்த உருப்படி தேய்ந்திருக்கிறது என்று உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் பில் போட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று நீங்களே நம்பினால் அது எனக்குப் பெரிய வலி. நம்பாமல் நேரில் வந்து கேட்டவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

ஹோட்டல் வரக்கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கரைக்கு நாலு பேர் வந்தால் எல்லோருக்கும் வேலை கிடைக்கும். கட்டடத்தின் உயரம் என் கவலை இல்லை. வெயில் மறைக்கும், காற்று மறைக்கும் என்று சொல்கிறவர்களுக்கு அவர்கள் நியாயம் இருக்கிறது, அதை அவர்கள் சொல்லட்டும். என் கவலை தரைமட்டத்தில்தான். வண்டி எங்கே நிற்கும், எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும்.

அறிக்கையை நான் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். அறைகளின் எண்ணிக்கையை வைத்து வண்டி நிறுத்துமிடத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அறைக்கணக்கு மட்டும் போட்டால் ராத்திரி தங்குகிறவரின் கார் மட்டும்தான் கணக்கில் வரும். கீழே ஒரு பெரிய விழா மண்டபம் காட்டியிருக்கிறார்கள், உணவகம் காட்டியிருக்கிறார்கள். அங்கே வருகிறவர்கள் அறை எடுப்பவர்கள் இல்லை. வேலைக்கு வருகிறவர்களின் வண்டியும் இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் வருகிறவர் வண்டியும் போகிறவர் வண்டியும் ஒரே சமயத்தில் நிற்கும். துணி சலவைக்கு ஒரு லாரி, காய்கறிக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று. இவையெல்லாம் எங்கே நின்று இறக்கும் என்று வரைபடத்தில் தேடினேன். பின்பக்கம் உள்ள சந்துதான் அதற்கு என்று காட்டியிருக்கிறார்கள். அது நீங்கள் ட்ரெய்லரை ரிவர்ஸில் எடுக்கிற சந்து!

வாசலில் காரை வாங்கி அவர்களே கொண்டுபோய் நிறுத்துவார்களாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கார் வாசலில் நின்று, ஆள் இறங்கி, பெட்டி இறங்கி, சாவி கைமாற இரண்டு நிமிடம் என்று வையுங்கள். ஓர் இடத்தில் மணிக்கு 30 கார்தான் கழியும். மண்டபத்தில் நிகழ்ச்சி என்று ஒரு மணி நேரத்துக்குள் 150 கார் வந்தால், ஒரே சமயத்தில் ஐந்து கார் நிற்க இடம் வேண்டும். அதற்கே 30 மீட்டருக்கு மேல் வேண்டும். வரைபடத்தில் உள்ள வாசலில் இரண்டு கார் நிற்கலாம். மிச்சம் சாலையில்தான் நிற்கும், அதாவது நம் கடை முன்னால்.

"அடித்தளத்தில் இன்னும் இரண்டு மாடி தோண்டிக்கொள்ளட்டுமே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்க எளிது. தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு மீட்டர் போகும்போதும், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் கீழிருந்து ஏறக்குறைய ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். மூன்று மீட்டர் என்றால் மூன்று டன். படகை மிதக்க வைக்கிற அதே விசைதான், நமக்குப் புதிதில்லை. அதைத் தாங்கத் தரையைக் கனமாகப் போட வேண்டும், அல்லது கீழே கம்பி இறக்கிக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும் வரை பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இளகிய மண்ணில் அப்படி நீர்மட்டம் இறங்கினால் பக்கத்துக் கட்டடத்தின் அடிமண்ணும் அமுங்கலாம். பக்கத்துக் கட்டடம் என்பது நம் கடை. அதனால்தான் தோண்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கீழ் மாடிகளில் நிறுத்துமிடம் வைக்கட்டும், இல்லை மண்டபத்தைச் சிறிதாக்கட்டும். அது அவர்கள் முடிவு.

அப்புறம் நம் சாய்தளம். நான் உண்மையில் பயப்படுவது இதற்காகத்தான். சாதாரண கார் நிறுத்தும் கட்டம் ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். உங்களில் பலர் கொண்டுவருவது பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து 12 மீட்டர் வரும். அதை எந்தக் கட்டத்திலும் நிறுத்த முடியாது. படகை இறக்கிவிட்டு, காலி ட்ரெய்லரோடு போய் நிற்க நீளமான இடம் வேண்டும். இத்தனை நாள் அந்தக் கிடங்கு மனைதான் அதற்கு உதவியது. யாரும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததில்லை. சட்டப்படி அது தனியார் மனை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாய்தளம் பொது. சாய்தளம் இருந்து, அதற்குப் போக வழி இல்லை என்றால், துறைமுகம் இருந்தும் படகு இல்லாத கதைதான்.

வாடிக்கையாளர்களில் வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் தொகுத்த ரோமானியச் சட்டத்திலேயே காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் எல்லோருக்கும் பொது என்று எழுதியிருக்கிறதாம். அப்போதே யாரோ ஒருவர் கரையை மறித்துக் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

போக்குவரத்தை அவர்கள் எண்ணியது வேலைநாளில், காலை மாலை அலுவலக நேரத்தில். நம் கூட்டம் அப்போது வருவதே இல்லை. நாம் வருவது நீர் ஏற்றத்தைப் பார்த்து. ஒருநாள் விடியற்காலை நான்கு மணி, இன்னொரு நாள் பத்து மணி. சனி, ஞாயிறு என்றால் வரிசையே நிற்கும். அதை ஒருவரும் எண்ணவில்லை. நீரேற்ற அட்டவணையை வைத்துக்கொண்டு எண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எழுதிக் கொடுத்ததில் வேறு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். சாய்தளத்துக்குப் போகும் பாதை ஆறு மீட்டர் அகலத்துக்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இது தீயணைப்பு வண்டிக்காகவும்தான். உயரமான கட்டடத்துக்கு வருகிற ஏணி வண்டி, பக்கவாட்டில் கால்களை விரித்து ஊன்றாமல் ஏணியைத் தூக்க முடியாது. ட்ரெய்லர் நிற்கும் நீளத்தில் சில இடங்களாவது பொதுவுக்கு ஒதுக்க வேண்டும். வேலையாட்களின் வண்டிகளையும் மண்டபத்துக்கு வருகிற வண்டிகளையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட வேண்டும். கட்டுமான நாட்களில் கான்கிரீட் லாரி எந்த வழியில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. ஒரு கலவை லாரி ஆறு கன மீட்டர் கொண்டுவரும் என்றால், 1,000 கன மீட்டர் அடித்தளத்துக்கு 167 நடை. நடுவில் நிறுத்தினால் முன்பு போட்டது இறுகி, புதிதாகப் போடுவது அதோடு சரியாகச் சேராமல் ஒட்டு விழும் என்பதால், ஆரம்பித்தால் விடாமல் ஊற்றுவார்கள். அந்த நாளில் என்ஜினோடு இந்தச் சாலைக்குள் யாரும் நுழைய முடியாது. எந்த நாள் என்று தெரிந்தாலாவது உங்களிடம் சொல்லி வைப்பேன்.

போன சனிக்கிழமை நடந்ததற்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மண் சோதனை இயந்திரம் கொண்டுவந்த லாரி சந்தில் குறுக்கே நின்று, படகோடு வந்த ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் நகர முடியாமல் காத்திருந்தார். அதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது. ஏற்றம் ஒன்றை விட்டால் அடுத்தது வர ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அன்றைய நாளே அவருக்குப் போனது. அவர் என்னிடம் ஒரு கடுமையான வார்த்தைகூடச் சொல்லவில்லை, "தம்பி, இதற்கு ஒரு வழி பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஐயா, நீங்கள் இதைப் படித்தால், உங்கள் என்ஜினின் இம்பெல்லரை (குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கிற சின்னச் சக்கரம்) இந்த முறை நான் என் பொறுப்பில் மாற்றித் தருகிறேன். மறுக்க வேண்டாம்.

இப்போதைக்குச் செய்திருக்கிற ஏற்பாடு இது. என்ஜின் கொண்டுவருகிறவர்கள் முதல்நாள் ஒரு போன் செய்துவிடுங்கள். 70, 80 கிலோ உருப்படியைத் தூரத்தில் நிறுத்திய வண்டியிலிருந்து நீங்கள் தூக்கிவர வேண்டாம். தெருமுனைக்கே பையன் தள்ளுவண்டியோடு வந்து இறக்கிக்கொள்வான், முடிந்ததும் அங்கேயே ஏற்றித் தருவான். அந்தக் கூலி பில்லில் தனியாக இருக்கும். பிளக் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, நன்னீர் ஓட்டி உப்புக் கழுவுவது போன்ற சின்ன வேலைகளுக்கு நாங்களே படகுக்கு வந்துவிடுகிறோம். பின்முற்றத்தில் பாதியை மண் சோதனைக்காரர்கள் கருவிகள் வைக்க மூன்று மாதத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருப்பதால், ராத்திரி ட்ரெய்லரை அங்கே விட்டுப் போவது மட்டும் அதுவரை முடியாது. முன்பக்கம் வழக்கம்போலத் திறந்திருக்கும்.

நீங்கள் எல்லோரும் இல்லாமல் இந்தக் கடை இல்லை. அப்பா காலத்தில் மேசையில் ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு தண்ணீர் டிரம்மும்தான் இருந்தன. என்ஜினை டிரம்மில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் சத்தத்தில் பேச முடியாமல் கையாலேயே பேசிக்கொண்ட வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் இன்று என்ஜினோடு வருகிறார்கள். புயல் வந்த வருடம் கூரை போனபோது, கேட்காமலே தார்ப்பாயோடு வந்தது நீங்கள்தான். அதை நாங்கள் மறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தின் தேதி வந்ததும் கடை வாசலில் எழுதிப் போடுகிறேன். வருகிறவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் வண்டியையும் ட்ரெய்லரையும் சேர்த்து, கொக்கியோடு, டேப் வைத்து அளந்து நீளத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். டேப் இல்லாதவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளலாம், கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

அன்புடன்,
கடை உரிமையாளர்