ஓ.பி. வாசலில் தமிழில் ஒரு பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஜீப் ஓட்டுகிறேன். 22 வருடமாக இதே பாதைதான். காலை முதல் டிரிப்பில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜீப்பின் டேஷ்போர்டில் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்களின் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் நேரே 16 இலக்க எண்ணும் அதில் இருக்கும். நாலு நாலாகப் பிரித்து எழுதியிருப்பேன், இல்லாவிட்டால் போனில் தட்டும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும். கேரள அரசின் இ-ஹெல்த் தளத்தில் பதிந்துகொண்டவர்களுக்குக் கிடைக்கிற எண் அது. எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, எந்த நாள், எத்தனை மணி என்று பார்த்து முன்கூட்டியே ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) டோக்கன் எடுத்துவிடலாம். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. பாலம் தாண்டி மூன்றாவது வளைவில்தான் கிடைக்கும். அங்கே வண்டியை ஓரம்கட்டி, வேண்டியவர்களுக்கு டோக்கன் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவேன். இதற்கு யாரிடமும் காசு வாங்கியதில்லை.

இந்த ஆன்லைன் ஏற்பாட்டை நான் குறை சொல்ல வரவில்லை. அதற்கு முன்பு எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். ஜூன் மழையில் விடியற்காலை 4 மணிக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவேன். கவுண்டர் திறக்கும்வரை நிற்க முடியாமல் செருப்பையும் மஞ்சப்பையையும் வரிசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் அதில் இருப்பார்கள். இப்போது அந்தக் கொடுமை குறைந்திருக்கிறது. 2017இல் அரசு ஆஸ்பத்திரிகளைச் சீராக்க கேரள அரசின் ஆர்த்ரம் திட்டம் வந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறத் தொடங்கிய பிறகு உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் வந்தன. அதையெல்லாம் மறக்கக் கூடாது.

ஆனால் அந்த 16 இலக்க எண்ணை வாங்குவதே எங்கள் ஆட்களுக்குப் பெரிய மலை. ஆன்லைனில் பதிய வேண்டுமென்றால் ஆதாரோடு சேர்ந்த போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். கொழுந்து எடுக்கிற அம்மாக்களில் பலர், ஆதார் எடுத்த காலத்தில் மகன் நம்பரைக் கொடுத்தவர்கள். மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவனை எழுப்பி, "தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு" என்று நான் மூன்றாவது வளைவில் நின்று கத்துவேன். அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து. ஆஸ்பத்திரிக் கவுண்டரிலேயே ஆதாரைக் காட்டிப் பதிந்து எண் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் யாரும் தமிழில் எழுதி ஒட்டவில்லை.

இனி என் அம்மாவுக்கு நடந்தது. அவருக்கு வயது 67. கம்பத்தில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, 38 வருடம் கொழுந்து எடுத்தவர். சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குப் பார்வை நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உள்ளே விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கலாம், வருடத்துக்கு ஒரு தடவையாவது காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓர் அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்கு 10.20 மணி டோக்கன் போட்டேன். 9.30க்கு வாசலில் இறக்கிவிட்டு, குமுளிக்கு ஒரு சவாரி போனேன். அது என் தப்பு, கூடவே இருந்திருக்க வேண்டும்.

12.30க்குத் திரும்பி வந்தால், அம்மா சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் நான் எழுதிக் கொடுத்த டோக்கன் சீட்டு, வியர்வையில் நனைந்து மை பரவிப்போய் இருக்கிறது. டோக்கன் இல்லாமல் வந்தவர்கள் நிற்கிற வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். ஆன்லைன் டோக்கன்காரர்களுக்குக் கவுண்டர் கட்டடத்தின் மறுபக்கம். அங்கே போகச் சொல்லி ஒரு பலகை இருந்தது, மலையாளத்திலும் இங்கிலீஷிலும். அம்மா மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது. தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த பெண், "அப்புறத்தெ லைனாணு அம்மச்சி" (அந்தப் பக்கத்து வரிசைம்மா) என்று அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். அதற்குள் கண் டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்து.

"எல்லாரும் நின்னாங்க, நானும் நின்னேன்பா" என்றார் அம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் பீர்மேடும் தேவிகுளமும் 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில் இருக்கின்றன. மூன்று தலைமுறையாக இது எங்கள் ஊர், மலையாளிகள் எங்கள் அண்ணன் தம்பிகள். மொழிச் சண்டை போட நான் எழுதவில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம் என்கிறது. நாங்கள் தமிழில் எழுத உரிமை கொடுத்த அரசு, எங்கள் தாய்மார்கள் தமிழில் படிக்க ஒரு பலகை வைக்கக் கூடாதா? ஒரு தகரம், ஒரு டப்பா பெயிண்ட், அரை நாள் கூலி. அவ்வளவுதான் செலவு.

இன்னொன்றும் கேட்கிறேன். பூட்டிக்கிடக்கும் தோட்டங்களின் லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. வேலை செய்கிற இடத்தில் மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளுக்குச் சொன்னது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் எங்கள் வீட்டில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இன்று அந்தக் கட்டடத்தில் ஆடு கட்டுகிறார்கள். அதனால் தலைவலி காய்ச்சலுக்கும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் முதல் ஜீப் வந்து சேரும்போது 8.30 ஆகிவிடுகிறது. ஆன்லைனில் எடுக்க முடியாமல் நேரே வருகிறவர்களுக்கு அன்றைய டோக்கனில் ஒரு பங்கை, முதல் ஜீப்பும் முதல் பஸ்ஸும் வருகிறவரை கவுண்டரில் ஒதுக்கி வைத்திருங்கள். வாசலில் தமிழ் பேசுகிற ஒருவரை 11 மணிவரை நிறுத்துங்கள். "பாட்டி, டோக்கன் இருக்கா? அந்தப் பக்கம் போங்க" என்று சொல்ல ஒரு வாய் போதும்.

இது கிடைக்காததால்தான் எங்கள் ஆட்கள் குமுளி தாண்டி கம்பம் ஆஸ்பத்திரிக்கும் தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கும் போகிறார்கள். போகட்டும், நல்ல வைத்தியம்தான். ஆனால் இங்கே பதிந்த விவரங்கள் அங்கே கம்ப்யூட்டரில் வராது. ரத்தப் பரிசோதனை மறுபடி, மருந்துப் பட்டியல் மறுபடி. ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் போகும்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சுவலி, பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் டோக்கன் போடுகிறேன் என்று நிற்காதீர்கள், 108ஐ அழையுங்கள். வேறு சந்தேகங்களுக்கு 1056 என்ற திசா எண், கேரள அரசின் சுகாதார உதவி எண், 24 மணி நேரமும் இருக்கிறது.

அம்மாவுக்கு வரும் வியாழக்கிழமை 11 மணிக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். அன்று குமுளிச் சவாரி எடுக்கவில்லை. நோட்டில் அடுத்த வாரத்துக்கு இன்னும் ஏழு பெயர் இருக்கிறது, அதில் இரண்டு பேருக்குத் திருப்பூரிலிருந்து ஓ.டி.பி. வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து ஜீப் ஓட்டுநர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.