அழித்த இடத்தில் எதை நிரப்பினார்கள் என்று கேளுங்கள்

வன்னியில் ஒளிப்படப் போட்டிகளும் கண்காட்சிகளும் நடத்தும் ஏற்பாட்டுக் குழுக்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு பனை, மிச்சமெல்லாம் வெள்ளை. ஒரு வள்ளம், கரையே இல்லாத தண்ணீர். இப்படி வெறுமை நிறைந்த படம் மேசைக்கு வந்தவுடன் வாக்குவாதம் தொடங்கிவிடும்: இது ஒளிப்படமா, கணினியில் செய்த சித்திரமா? அதைத் தீர்க்கவென்று விதிமுறைத் தாளில் ஒரு வரி எழுதுகிறீர்கள்: "கணினியில் மாற்றிய படங்கள் ஏற்கப்படமாட்டா." அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அது கள்ளனைப் பிடிக்காது. ஒழுங்காக வேலை செய்பவரைத்தான் மறிக்கும்.

கணினி தொடாத எண்முறைப் படம் என்று ஒன்று கிடையாது. சாதாரண கமராவில் ஒளியைப் பதியும் சென்சரில் ஒரு புள்ளி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பதியும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கமரா கணக்கிட்டுப் போடுகிறது. போனின் இரவு முறையோ பல படங்களை ஒன்றாக்கித்தான் ஒன்றைத் தருகிறது. பிலிம் காலத்திலும் கை சும்மா இருக்கவில்லை. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லு கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்துச் சேர்த்து அச்சிட்டார். அன்று நெகட்டிவ் கண்ணாடியில் பூசிய கொலோடியன் என்ற பூச்சு நீல ஒளிக்கு மிகையாக எதிர்வினை காட்டியதால், கடல் சரியாக விழுந்தால் வானம் வெளிறிப்போகும். வேறு வழி இருக்கவில்லை.

கமராவும் அழிக்கும். நந்திக்கடல் ஓரத்தில் 1/60 விநாடிக்குச் சரியாக விழும் வெளிச்சத்தில் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி வடிகட்டியை 10 ஸ்டொப் அளவில் போட்டால் (ஒரு ஸ்டொப் என்பது ஒளியைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும் ஒரு படி) திறப்பு நேரம் ஏறக்குறைய 17 விநாடியாகும். அலை பால் மாதிரி ஆகிவிடும். இன்னும் இருண்ட வடிகட்டியோடு இரண்டு நிமிடம் திறந்து வைத்தால், நில்லாமல் நடந்து போகிறவர் படத்தில் இருக்கவே மாட்டார். ஆனையிறவு உப்புக் குவியலை ஒளிமானி சொன்னபடி எடுத்தால் சாம்பலாக வரும், ஏனென்றால் எதைக் கண்டாலும் மானி அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். 1 முதல் 1.5 ஸ்டொப் வரை கூட்டினால்தான் உப்பு வெள்ளையாகும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் அடிவானமே கரைந்துவிடும். இரணைமடுவின் நீர்ப்பரப்புக் கண்ணாடியாக இருப்பது காற்று எழும்புமுன் விடியலில்தான். கச்சான் வீசும் மாதங்களில் அதற்கும் உத்தரவாதமில்லை. இவையெல்லாம் வெறுமையை உண்டாக்கும் வழிகள். ஒன்றில்கூட மென்பொருள் இல்லை.

அதனால், என்ன நீக்கப்பட்டது என்பதோடு நிற்காமல், நீக்கிய இடத்தில் எதை நிரப்பினார்கள் என்று கேளுங்கள். முக்காலியை அசைக்காமல் 15 அல்லது 20 படங்கள் எடுத்து, அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் இடைநிலை மதிப்பை எடுத்தால் ஆட்கள் மறைந்துவிடுவார்கள். அங்கே நிரம்புவது அவர்களுக்குப் பின்னால் உண்மையாகவே இருந்த வயலும் வரம்பும். அந்த இடத்து ஒளிதான். எங்கள் கணக்கில் அது ஒளிப்படம், தயங்க வேண்டியதில்லை. மென்பொருளில் உள்ள குளோன் என்ற நகலெடுக்கும் கருவி பக்கத்து வானத்தை வெட்டி மின்கம்பியின் மேல் ஒட்டுகிறது. அது ஊகம், ஆனால் அதே படத்துக்குள் நடக்கும் ஊகம். செய்ததைச் சொன்னால் ஏற்கலாம். 2020 இல் போட்டோஷொப்பில் வந்த வானமாற்று வசதியும், 2023 இல் வந்த செயற்கை நுண்ணறிவு நிரப்பலும் வேறு சாதி. அங்கே வருவது வேறெங்கோ எடுத்த வானம், அல்லது யாரும் எங்குமே காணாத வானம். அழகாக இருக்கலாம். அதற்கென்று ஆக்கப் பிரிவு என ஒன்று வையுங்கள். ஒளிப்படப் பிரிவில் வேண்டாம்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமல்ல. படத்தை 100 வீத அளவில் திறந்து, மென்பொருளில் வெளிச்சத்தைத் திருத்தும் வளைகோட்டைச் (கேர்வ்ஸ்) செங்குத்தாக இழுத்துக் கொன்ராஸ்டைத் தாறுமாறாக ஏற்றுங்கள். ஒட்டிய இடம் திட்டுத்திட்டாகத் தெரியும், ஏனென்றால் சென்சரின் மணற்பொடி போன்ற நொய்ஸ் அங்கே குறைவாகவோ வேறு மாதிரியோ இருக்கும். அடுத்தது, நிழலும் தண்ணீரில் விழும் விம்பமும். கம்பத்தை அழித்தவர் குளத்தில் விழுந்த அதன் விம்பத்தை மறந்துவிடுவார். இந்தப் பிழைதான் அதிகம். ஒரே சிற்றலை இரண்டு இடத்தில் வருகிறதா பாருங்கள். வானம் மாற்றிய படத்தில் பனையோலை நுனிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கும், ஓலை இடுக்குகளில் பழைய வானம் ஒளிந்திருக்கும். ஆனால் படிப்படியாய் வெளிறும் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் உடனே குற்றம் சொல்லாதீர்கள். வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வெளிச்சத்தைச் சற்று இழுத்தாலே பட்டை விழும். சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கும் 14 பிட் ரோ கோப்பில் 16,384 படிகள் என்பதால் அது தாங்கும்.

இனி, எங்களுக்கு முக்கியமான விடயம். 2010 இல் வேர்ல்ட் பிரெஸ் ஃபோட்டோ என்ற உலகச் செய்திப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு படம், பின்னணியில் தெரிந்த கால் நுனி ஒன்றை அழித்ததற்காகத் தள்ளப்பட்டது. மறுபுறம், ஜேர்மன் ஒளிப்படக் கலைஞர் அந்திரேயாஸ் கூர்ஸ்கி ரைன் ஆற்றங்கரையிலிருந்து நாயோடு உலாவியவர்களையும் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தையும் கணினியில் அழித்து 1999 இல் ஆக்கிய படம், 2011 இல் 43 இலட்சம் டொலருக்கு மேல் விற்றது. இரண்டும் நியாயம்தான். முன்னது நடந்ததைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்த படம், பின்னது அப்படிக் கொடுக்கவில்லை. கூர்ஸ்கியும் ஆற்றின் பெயரைத்தானே வைத்தார் என்று நீங்கள் கேட்கலாம். வைத்தார், ஆனால் செய்ததை ஒளிக்கவில்லை. அதோடு ரைன் கரையில் அழிந்தது ஒரு தொழிற்சாலை. இங்கே அழிக்கக் கை போகும் பொருட்கள் எவை? தலையறுந்த பனை, மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை, கூரையில்லாத சுவர். படத்துக்கு இடைஞ்சல் என்று அவற்றை எடுத்துவிட்டு, கீழே "முள்ளிவாய்க்கால்" என்றோ "முகமாலை" என்றோ ஊர்ப் பெயரைப் போட்டால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் அங்கே ஒன்றுமே இருக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார். ஆகவே ஊர்ப் பெயரும் திகதியும் போட்டு வரும் படத்தை ஆவணமாகவே நடத்துங்கள்: வெளிச்சம், நிறம், ஓரம் வெட்டுதல் தவிர வேறெதையும் அனுமதிக்க வேண்டாம். பொருள் அழித்த படம் ஊர்ப் பெயரில்லாமல், ஆக்கப் பிரிவில் வரட்டும்.

ரோ கோப்புத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். இங்கே பிள்ளைகளில் பலர் போனில்தான் எடுக்கிறார்கள். போன் படமென்றால் மூலக் கோப்பையும், அதற்குச் சற்று முன் எடுத்த ஒரு படத்தையும், பின் எடுத்த ஒரு படத்தையும் கேளுங்கள். ஒரே இடத்தில் நின்று எடுத்த மூன்று படங்களைப் பொய்யாகச் செய்வது, ஒன்றைச் செய்வதைவிட எவ்வளவோ சிரமம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், எடுத்த நேரம், கமரா விபரமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவில் வாங்குங்கள். அந்த விபரத்தை மட்டும் நம்பியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வரி இடம் விடுங்கள்: எதை நீக்கினீர்கள், அந்த இடத்தில் எதை வைத்தீர்கள். முதல் வட்டத் தேர்வு முடிந்து எஞ்சும் படங்களுக்கு மட்டும் மூலக் கோப்பை வாங்கிப் பார்த்தால் வேலையும் குறையும்.

இப்படிக்கு,
கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஒளிப்படக்காரர் சிலர்